நூற்றுப் பதினான்காம் பக்கம்

இன்று காலை உன் டைப்ரைட்டரைத் துடைத்தேன். ஐப்பசி மழை விட்டால் இந்த ஏற்காட்டு மலையில் இரும்பெல்லாம் துருப்பிடிக்க ஆரம்பித்துவிடுகிறது. பழைய பல் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தேய்த்தபோது ரிப்பன் மையின் வாசனை வந்தது. வேலை முடிந்து வரும்போது உன் விரல் நுனியில் இருக்குமே, சோப்புப் போட்டாலும் போகாத அதே வாசனை. அப்போது வெளியே மேட்டில் ஒரு ஜீப் கியர் மாற்றும் சத்தம் கேட்டது. நான் அவசரமாகத் துணியை இழுத்து டைப்ரைட்டரை மூடினேன். எழுந்து போய்க் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன். ஜீப் நிற்காமல் போய்விட்டது. ஆனாலும் தாழ்ப்பாளைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றேன்.

ஏன் இப்படி ஆனேன் என்று உனக்குத் தெரியாது. நீ போன பிறகு நடந்தது எதையும் நான் உன்னிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்த வேலைக்கு உன்னை அனுப்பியது நான்தான். எம்.பி. ஐயா வீட்டுப் போன் கெட்டுப்போய், சரிபார்க்கப் போயிருந்தேன். இரண்டு தடவை ஜெயித்து டெல்லிக்குப் போனவர், மூன்றாம் தடவை தோற்றதும் கரடியூர் சாலையில் உள்ள தன் பங்களாவோடு ஒதுங்கிவிட்டவர். நான் போனின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கேட்டார்: "தம்பி, இந்த மலைல தமிழ் டைப் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா? என்ற பாராளுமன்ற வாழ்க்கையப் புஸ்தகமா போடலாம்னு இருக்கறேன். நான் சொல்லச் சொல்ல அடிக்கோணும்."

"எங்க ஊட்டுலயே இருக்காங்க சார். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிருக்காங்க" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். கல்யாணமாகி ஏழு மாதம். இந்தக் குளிரில் பகல் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருக்கிறாளே என்ற எண்ணமும் இருந்தது.

சாயங்காலம் நீ வந்ததும் அடுப்பு முன்னால் உட்கார்ந்து அன்றைக்கு அடித்ததை எனக்குச் சொல்வாய். அவருடைய முதல் கேள்வி, அதற்கு மந்திரி சொன்ன பதில், மைய மண்டபத்தில் குடித்த காபி, டெல்லிக் குளிரில் வேட்டியோடு பட்ட பாடு. நான் டெலிபோன் ரிலேயைப் பிரித்து வைத்துக்கொண்டு பாதி கேட்பேன். அவருடைய அலமாரியில், சபையில் அவரோடு இருந்த உறுப்பினர்கள் எழுதி அனுப்பிய சுயசரிதைகள் ஒரு வரிசை இருந்தன. அவர் தூங்கும் மத்தியான வேளையில் நீ அதையும் எடுத்துப் படித்தாய். ஒருநாள் சொன்னாய்: "ஏனுங்க, எல்லா எம்.பி. புஸ்தகத்துலயும் டிரைவர் வர்றாருங்க. கார் நின்னுபோச்சு, டிரைவர் எறங்கிப் பாத்தார். மழைல டிரைவர் கொடை புடிச்சார். ஒரு டிரைவருக்குக்கூடப் பேரு இல்லீங்க."

"எழுதறவருக்கு மறந்திருக்கும்" என்றேன்.

"பதினஞ்சு வருசத்துக்கு முந்தி எந்த மந்திரி எந்தப் பக்கம் உக்காந்திருந்தார்னு ஞாபகம் இருக்குதாமா?"

ஐயா கை தூக்கும் வழக்கத்தைப் பற்றியும் நீதான் சொன்னாய். சபையில் ஒரு உறுப்பினர் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டால், அது அவைக்குறிப்பில் ஏறாது என்று சபாநாயகர் சொல்லிவிடுவாராம். எல்லோர் காதிலும் விழுந்திருக்கும். அச்சில் மட்டும் இருக்காது. ஐயா அந்த வழக்கத்தைப் பங்களாவுக்கும் கொண்டுவந்திருந்தார். பேசிக்கொண்டே வருவார், திடீரென்று வலது கையை உயர்த்துவார். உன் விரல் நின்றுவிட வேண்டும். கை கீழே இறங்கும்வரை அவர் சொல்வது எதுவும் ஏறாது. மறுநாள் காலை நீ கார்பன் வைத்து அடித்த பக்கங்களை வாசித்துப் பார்த்து, மூன்று படியிலும் பச்சை மையில் சுருக்கொப்பம் போடுவார். முதல் படி அச்சாபீசுக்கு, இரண்டாவது அவருக்கு. மூன்றாவதை உன்னிடமே கொடுத்துவிட்டார். "பங்களா தீப்புடிச்சாலும் என்ற வாழ்க்கை ஒண்ணு மிச்சம் இருக்கோணுமல்ல?" என்று சிரித்தாராம்.

ஒரு வாரம் கழித்து நீ கண்டுபிடித்தாய். "டெல்லியப் பத்திப் பேசறப்போ அவரு கை தூக்கறதே இல்லீங்க. இந்த மலையப் பத்திப் பேச ஆரம்பிச்சா கை மேலயேதான் இருக்குது."

அப்புறம் அந்த நாள். நீ வந்ததும் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாய். எழுபதுகளில் ஒரு தேர்தல் சமயம் செம்மநத்தம் ரோட்டில் லாரி கவிழ்ந்த கதையை அன்று ஐயா சொல்லியிருந்தார். அவருடைய கூட்டத்துக்கு ஆள் ஏற்றிவந்த எஸ்டேட் லாரி. காப்பி பறிக்கிற பெண் ஒருத்தியும் வயசான விவசாயி ஒருவரும் செத்துப்போனார்கள். டிரைவர் குடித்திருந்தான் என்று வழக்கு. அவன் சேலம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தான். இவ்வளவு இந்த மலையில் எல்லோருக்கும் தெரியும், போன வருடம் வந்த எனக்குக்கூடத் தெரியும்.

ஐயா அன்று சொன்னது வேறு. கைத்தடியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, சில்வர் ஓக் மரங்களைப் பார்த்தபடி சொன்னாராம். கை எழும் என்று நீ காத்திருந்தாய். எழவில்லை. நீயே நிறுத்திக் கேட்டாய்: "ஐயா, இது ஏறட்டுங்களா?"

"நான் கை தூக்கலையேம்மா" என்றார்.

அடித்தாய். நூற்றுப் பதினான்காம் பக்கம். மறுநாள் காலை வாசித்துவிட்டு மூன்று படியிலும் பச்சை மை போட்டார். அதன் பிறகும் வேலை நடந்தது. நூற்று ஐம்பது, நூற்று அறுபது என்று பக்கங்கள் ஏறின.

பிறகு அவர் மகன் மெட்ராசிலிருந்து வந்தார். சின்னவர் என்றுதான் எல்லோரும் அவரைச் சொல்வார்கள். அடுத்த தேர்தலில் அப்பா நின்ற தொகுதியில் நிற்கப் போகிறவர். அடித்த பக்கங்களை எடுத்து ஒரே மூச்சில் படித்தார். மறுநாள் நீ போனபோது ஐயா கையைத் தூக்கினார், ஆனால் ஒன்றும் பேசவில்லை. தூக்கிய கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார் என்று சொன்னாய். பேசியது சின்னவர்தான். நூற்றுப் பதினான்கை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பதில் நூற்றுப் பதிமூன்றின் கடைசியில் நான்கு வரி. ஓட்டுநர் மதுமயக்கத்தில் இருந்ததால் மகிழ்ச்சி துயரமாயிற்று என்று அவரே எழுதிக் கொடுத்தார். முதல் படியையும் இரண்டாம் படியையும் ஐயா வாங்கிக் கிழித்தார்.

"மூணாவது?" என்று நான் கேட்டேன்.

"அவரு கேக்கல. நானும் குடுக்கல."

"நமக்கெதுக்கு வம்பு? நாளைக்கே கொண்டுபோய்க் குடுத்துரு" என்றேன்.

"அந்த டிரைவர் உசுரோட இருக்கறாருங்க. அர்த்தனாரின்னு பேரு. ஐயா அந்தப் பக்கத்துல பேரச் சொல்லித்தான் சொல்லியிருக்கறாரு. நேத்து கொட்டச்சேட்டுல நான் வந்த பஸ்ல ஏறுனாரு. கண்டக்டர் என்ன கேட்டாந் தெரியுமா? 'அர்த்தனாரி, இன்னிக்கு நெதானமா இருக்கறியா? எங்க டிரைவருக்கு ஊதிக் காட்டிட்டு ஏறு.' பஸ்ஸே சிரிக்குது. அந்த ஆளும் சிரிக்கறாரு. பழகிப்போச்சு."

"அதுக்கு நாம என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம். வெச்சிருப்போம்." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாய். "முப்பதடிக் கம்பத்துல ஏறற ஆளுக்கு ஒரு காயிதத்தக் கண்டா பயமாக்கும்?"

அன்று நாம் பேசிக்கொள்ளவில்லை. உன்னிடம் கோபித்துக்கொண்ட நாட்களை எண்ணினால் மிகக் கொஞ்சம். அதில் அது ஒன்று.

புத்தகம் அடித்து முடிந்ததும் ஐயா போய்ச் சேர்ந்தார். சின்னவர் காகிதங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு போனார். மூன்றாம் மாதம் உனக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் ஜலதோஷம் என்று நினைத்தோம். மூன்றாம் நாள் காலை நீ என்னை யார் என்று கேட்டாய். எஸ்டேட் வேனில் உன்னை மடியில் கிடத்தி மலை இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் உன் தலை என் விலாவில் மோதும், நான் பிடிப்பேன். உன் விரல்கள் என் முன்கையில் அடித்துக்கொண்டே வந்தன. ஒரே சீராக, மெஷினில் அடிப்பது போல. என்ன எழுத்து, என்ன வார்த்தை என்று பார்த்தேன். எனக்கு டைப் தெரியாது. அடிவாரத்தில் நின்றுவிட்டன. மூளைக் காய்ச்சல் என்றார்கள். இரண்டு நாள்.

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் இல்லை. அழவில்லை. உன் அப்பா என் தோளைப் பிடித்து உலுக்கினார், "அழுதுரு கண்ணு, வெசனத்த உள்ள வெக்காதே" என்று. அழுகை வரவில்லை. பத்தாம் நாள் வேலைக்குப் போனேன். ஒருநாள் கம்பிக்கு ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலை மேசையில் வைக்கிறேன் என்று இடது கையின் மேல் வைத்துவிட்டேன். தோல் கருகிய நாற்றம் வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். வலி அதற்குப் பின் வந்தது, அதுவும் வேறு யாருடைய கையோ போல. ஆபீசில் என்னிடம் பேசப் பயந்தார்கள். நான் யாருக்கும் பயப்படவில்லை. பயப்பட என்ன இருந்தது?

ஆவணி மாதம், மத்தியானம். ஐயா பங்களா லைனில் இரைச்சல் என்று புகார் வந்தது. பங்களாவுக்கு முன்னால் உள்ள கம்பத்தில் ஏறி, பெட்டியைத் திறந்து, சோதனைப் போனை மாட்டினேன். பேச்சு நடந்துகொண்டிருந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். கேட்கக் கூடாது என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். எடுக்கத்தான் போனேன்.

"நூத்திப் பதினாலு எங்கன்னு அச்சாபீஸ்காரன் கேக்கறான்" என்று சின்னவர் குரல் கேட்டது. மெட்ராசிலிருந்து பேசுகிறார்.

இந்தப் பக்கம் அவருடைய பி.ஏ. "அத அப்பவே எடுத்தாச்சுங்களே."

"எடுத்தா நம்பர் ஏன் தாவுது? நூத்திப் பதிமூணு, அப்பறம் நூத்திப் பதினஞ்சு. பக்கம் காணாமப்போச்சுன்னு அவன் ஊரெல்லாம் கேட்டுக்கிட்டிருக்கறான். அந்தப் பொண்ணு மூணு படி அடிக்குமே. மூணாவது எங்க?"

"அந்தப் பொண்ணு எறந்துபோச்சுங்க."

"தெரியும். புருசங்காரன் இருக்கறானல்ல? டெலிபோன்காரன். அவனப் புடி."

என் கால் கம்பியில் வழுக்கியது. பெல்ட் இழுத்துப் பிடித்தது. கம்பத்தைக் கட்டிக்கொண்டேன். கம்பத்தின் குளிர் கன்னத்தில் ஏறியது. தீய்ந்த இடது கைப்புண் இரும்பில் உரசி, உயிர் போகிற மாதிரி வலித்தது. நீ போன பிறகு என் உடம்பில் எனக்குத் தெரிந்த முதல் வலி அது. கீழே பங்களா வாசலில் பி.ஏ. வந்து நின்று மேலே பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க தம்பி, லைன் சரியாப் போச்சுங்களா?"

"ஆச்சுங்க" என்றேன். இரைச்சலைச் சரிசெய்யாமலே இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். என் பாலிடெக்னிக் புத்தகங்களுக்கு அடியில் கட்டு இருந்தது. மூன்றாவது படி என்பதால் எழுத்தெல்லாம் புகை மாதிரி மங்கல். பச்சை மை மட்டும் பளிச்சென்று. நூற்றுப் பதினான்கை அன்றுதான் முதன்முதலாகப் படித்தேன்:

"அர்த்தனாரி அன்று குடிக்கவில்லை. பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, சேலத்தில் காட்டிவிட்டு வருகிறேன் என்று காலையில் என் முன்னால் வந்து நின்று சொன்னான். கூட்டத்துக்கு ஆள் குறையக் கூடாது என்று வண்டியை எடுக்கச் சொன்னது நான். குடித்திருந்தான் என்று பிறகு என் ஆட்கள் சாட்சி சொன்னார்கள். அது பொய் என்று எனக்குத் தெரியும். நான் மறுக்கவில்லை."

உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. செத்துப்போன பெண்டாட்டிமேல் கோபப்படுகிறவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒரு பக்கத்தை எடுத்தால் முந்தைய பக்கத்தின் தலையில் 113-114 என்று இரண்டு எண்ணையும் சேர்த்துப் போடுவார்கள். அப்படிப் போட்டால் எதுவும் தொலையவில்லை என்று படிக்கிறவனுக்குத் தெரியும். எஸ்டேட் ரிப்போர்ட் அடித்துக் கொடுத்தபோது நீதான் எனக்கு அதைக் காட்டினாய். இதில் ஏன் போடவில்லை? மறந்துவிட்டாயா? நீ மறக்கிறவள் இல்லை. யாராவது ஒருவன் என்றைக்காவது எங்கே என்று கேட்கட்டும் என்று விட்டிருக்கிறாய். கேட்டார்கள். பதில் சொல்ல நீ இல்லை. நான் இருக்கிறேன்.

மூன்றாம் நாள் பி.ஏ. வந்தார். கையில் ஒரு பை ஆரஞ்சு. உன் போட்டோவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"சங்கடமான நேரத்துல வந்திருக்கறேன், மனசுல வெச்சுக்காதீங்க. உங்க ஊட்டம்மா கை நொம்ப சுத்தமுங்க. முந்நூறு பக்கத்துல ஒரு எழுத்துத் தப்பு இல்லீங்க. அப்பேர்ப்பட்டவங்க நம்பர்ல தப்பு விட்டிருக்காங்க, பாருங்களே."

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க."

"தெரியாதுதானுங்க. ஒரு கட்டு இருக்குமுங்க, தேடிப் பாருங்க. ஞாயித்துக்கெழமை வர்றேன்." எழுந்தவர் நின்றார். "உங்க டிப்பார்ட்மெண்ட்ல சின்னவருக்கு எல்லாரையும் தெரியுமுங்க. நம்ம தம்பி, மலையிலயே இருக்கட்டும்னு ஒரு வார்த்தை சொல்லி வெச்சிருக்கறாரு. ஒத்தையா இருக்கறவரு, கண்காணாத எடத்துக்குப் போனா செரமமல்ல?"

அவர் போன பிறகு ஆரஞ்சைத் தொட எனக்குப் பயமாக இருந்தது. சிரிக்காதே. அப்படியே அழுகவிட்டுக் குப்பையில் போட்டேன்.

கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். உண்மையைச் சொல்கிறேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம்வரை அதே முடிவுதான். ஆனால் அந்த ஆளுக்கு ஒரு தடவை படித்துக் காட்டிவிட்டுக் கொடுத்துவிடலாம், அப்போது நீ நினைத்ததும் ஆகும், அவர்கள் சொன்னதும் ஆகும் என்று கணக்குப் போட்டேன். பக்கத்தை நான்காக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கொட்டச்சேட்டுக்குப் பஸ் ஏறினேன். எனக்கு அடுத்து ஏறியவன் பங்களா ஆள் என்று நினைத்தேன். அவன் ஒரு வாழைத்தார் வியாபாரி.

அர்த்தனாரி எஸ்டேட் களத்தில் வெயிலுக்குப் போட்ட பழைய காப்பிக் கொட்டைக்குக் காவல். ஐம்பது வயதிருக்கும். அவர் மனைவி பாவாயி பக்கத்தில் உட்கார்ந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். டெலிபோன் ஆபீசிலிருந்து வருகிறேன் என்றதும் அவர் பதறி எழுந்துவிட்டார்.

"நான் எந்தக் கம்பியையும் தொடலீங்க சாமி."

"அதுக்கு வரலீங்க. எம்.பி. ஐயா ஒரு காயிதம் சொல்லி எழுத வெச்சாரு. என் சம்சாரந்தான் அடிச்சாங்க. உங்களப் பத்தி."

அவர் முகம் செத்துப்போயிற்று. "மறுக்கா கேசுங்களா?"

நான் பக்கத்தை விரித்துப் படித்தேன். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். முடித்ததும் அர்த்தனாரி காப்பிக் கொட்டையைக் காலால் பரப்பினார், ஏற்கெனவே பரப்பியிருந்ததை.

"இது எனக்குத் தெரியாததா சாமி? நான் குடிக்கலைன்னு எனக்கே தெரியாதா?"

"எனக்குத் தெரியாதே" என்றாள் பாவாயி.

"உங்கிட்ட அன்னிக்கே சொன்னேனல்ல?"

"சொன்னே. நம்ம கல்யாணத்தன்னிக்குங்கூடத்தான் குடிக்கலைன்னு சொன்னே. ஊதிக் காட்டுன்னேன், பந்திக்குள்ள ஓடிப்போயிட்டே." அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். "அந்த லாரில செத்தது என்ற தங்கச்சி, சாமி. பன்னண்டு வருசமா இவருக்குச் சோறு போட்டுக்கிட்டுத்தான் இருக்கறேன். ஒவ்வொரு நாளும் போடறப்போ நெனச்சுக்குவேன். அவ பேரு இருக்குதுங்களா அதுல?"

"இல்லீங்க."

"இவரு பேரு?"

"இருக்குதுங்க. மொத வார்த்தையே அதுதான்."

"மறுக்கா படிங்க."

படித்தேன். இந்த முறை அவள் கல் பொறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அர்த்தனாரி களத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார். நான் பக்கத்தை அவளிடம் நீட்டினேன். எப்படி நீட்டினேன் என்று தெரியவில்லை. மறுநாள் பி.ஏ.வுக்குக் கொடுக்க வேண்டிய பக்கம் அது.

அங்கிருந்தே அர்த்தனாரி கத்தினார்: "அத வாங்காதே பாவாயி! எங்க ஊட்டுல வேணாமுங்க சாமி. அவங்க வந்து ஒரு அதட்டு அதட்டுனா நானே எடுத்துக் குடுத்துப்போடுவேன். ஜெயிலப் பாத்தவன். நீங்களே வெச்சுக்குங்க."

"அவரு வெச்சுக்கட்டும்" என்றாள் பாவாயி. "ஆனா வந்து வந்து படிச்சுக் காட்டோணும். எனக்கு ஒருக்கா கேட்டாப் பத்தாது."

ஞாயிற்றுக்கிழமை ஜீப் வாசலில் வந்து நின்றது. பி.ஏ. செருப்பைக் கழற்றவில்லை.

"இருந்துதுங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தீப்பிடித்துவிட்டது, கரையான் அரித்துவிட்டது என்று இரண்டு பொய் தயாராக வைத்திருந்தேன். "இருக்குதுங்க" என்று வந்தது.

"நல்லதாப் போச்சு. குடுங்க."

"குடுக்க மாட்டேனுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புஸ்தகத்துல அந்த ஆளு பேரே இல்லீங்களே தம்பி. ஓட்டுநர்னுதானே போட்டிருக்குது?"

"இந்த மலைல எந்த ஓட்டுநர்னு எல்லாருக்கும் தெரியுமுங்க. அந்த நாலு வரி அச்சுல வந்தா, பச்சை மையோட இதுவும் வெளிய வருமுங்க."

எங்கே வெளியே வரும், யார் போடுவார்கள், எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்த பத்திரிகைக்காரர் ஒருவர்கூட இல்லை. அவருக்கு அது தெரியாது. "யோசிச்சுச் சொல்லுங்க" என்று ஜீப்பில் ஏறினார். அவர் போனதும் நான் வாந்தி எடுத்தேன்.

புத்தகம் வந்துவிட்டது. சேலத்தில் மாலை, மேடை, ஊர்வலம். ஏற்காட்டு நூலகத்துக்கு ஒரு பிரதி வந்தது. வாசற்கதவைப் பார்த்தபடி உட்கார்ந்து அந்த அத்தியாயத்தைத் தேடினேன். மலைக் கிராமங்களில் சுற்றுப்பயணம், கூட்டம், அடுத்த பத்தியில் டெல்லி ரயில். நான்கு வரியும் இல்லை. லாரியே இல்லை. அந்த விபத்து இந்த மலையில் நடக்கவே இல்லை என்பது போல அவர்கள் தைத்துவிட்டார்கள். பொய்யும் போயிற்று, நிஜமும் போயிற்று. அர்த்தனாரி பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் இன்னும் ஊதச் சொல்கிறான்.

டிரான்ஸ்பர் ஆர்டர் இன்னும் வரவில்லை. தினமும் தபால் பை வரும் நேரத்தில் நானே போய் நின்று பார்க்கிறேன். வீட்டில் யாராவது கதவைத் தட்டினால் இரண்டாவது தட்டலுக்குப் பிறகுதான் மூச்சு விடுகிறேன். பக்கத்தை எங்கே வைத்தாலும் பயம், அதனால் சட்டைக்குள்தான் வைத்திருக்கிறேன். கம்பத்தில் ஏறும்போதும்.

மாதத்துக்கு ஒரு ஞாயிறு கொட்டச்சேட்டுக்குப் போகிறேன். பாவாயி முறத்தை ஒதுக்கிவிட்டு உட்கார்வாள். அர்த்தனாரி ஏதாவது வேலையை நினைத்துக்கொண்டு வெளியே போவார், ஆனால் காது கேட்கிற தூரத்தில்தான் நிற்பார். மடித்து விரித்து, என் வேர்வையில் ஊறி, மடிப்பு விழுந்த இடமெல்லாம் எழுத்து அழிந்துகொண்டே வருகிறது. முதல் வரி போன மாதமே போய்விட்டது. காகிதத்தில் அந்த இடம் வெறும் ஊதாக் கறை. எனக்கு அது மனப்பாடம். அதனால் இந்த மாதம் தலையை நிமிர்த்தி, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: "அர்த்தனாரி அன்று குடிக்கவில்லை."

அவள் முகம் மாறியது. பயந்துவிட்டாள். காகிதத்தில் இல்லாததை அவளுக்காக நானே கட்டிச் சொல்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ.

"பாத்துப் படிங்க சாமி" என்றாள்.

நான் குனிந்தேன். எழுத்தே இல்லாத அந்த இடத்தில் விரலை வைத்து, நீ அடித்த வரியை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் படித்தேன்.